தாய்மாமனுக்கு மாடி ரூம்

பிற்காலத்தில் வாலாஜாவில் கண்டிப்பான மேனேஜர் என்று பெயரெடுத்த வேம்புலிக்கு முதன்முதலில் லாட்ஜில் வேலை கிடைத்தபோது, சென்னீர்குப்பத்தில் ஒருத்தர்கூட வாழ்த்தவில்லை. பூந்தமல்லியில் லாட்ஜ், அதிலும் ராத்திரி டியூட்டி என்றதும் கேட்டவர்கள் முகமெல்லாம் ஒரு மாதிரியாகப் போனது. எழுபதுகளின் தொடக்கம் அது. ஓட்டல் என்றால் இட்லி, காப்பி. லாட்ஜ் என்றால் ஊர் மனசில் வேறு என்னென்னவோ ஓடும். அங்கே தங்குகிறவனையே சந்தேகமாகப் பார்த்த காலத்தில், அங்கேயே ராத்திரி பூராவும் உட்கார்ந்திருக்கிறவனை எப்படிப் பார்த்திருப்பார்கள்!

"பேக்டரில எதுனா பாக்கக் கூடாதாடா?" என்றார் அப்பா அய்யாசாமி. அவர் நேற்றுவரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர், இப்போது அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் மூட்டை தூக்கப் போகிறவர். வேம்புலி பார்க்காத பேக்டரியா? எஸ்.எஸ்.எல்.சி. சர்ட்டிபிகேட்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு அம்பத்தூர், ஆவடி என்று எல்லாக் கம்பெனி வாசலிலும் நின்று, கூர்க்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன்தான் அவன். அம்மா சொர்ணம் மட்டும் சாமர்த்தியமாக, கேட்டவர்களிடமெல்லாம், "ஓட்டல்ல கணக்கு எழுதறான்" என்று சொல்லிச் சமாளித்தாள். யார் நம்பினார்கள் என்பது வேறு விஷயம்.

லாட்ஜ் முதலாளி செங்கல்வராயன் ரைஸ் மில்லில் சம்பாதித்ததைப் பெங்களூர் ரோட்டோரம் செங்கல்லாக அடுக்கியவர். கீழே ஐந்து அறை, மாடியில் ஐந்து அறை. கோர்ட் வேலையாக வருகிறவர்கள், வியாபாரிகள், கல்யாணத்துக்கு வந்து பஸ்ஸை விட்டவர்கள், இவர்கள்தான் தங்குவார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று வேம்புலிக்கு அவர் சொன்னது கொஞ்சம்தான்.

"வர்றவன் எல்லாரையும் திருடன்னு நெனச்சிக்க நைனா. காலைல ரூம் சாவி குடுத்துட்டு போனான்னா, அப்பால வேணா நல்லவன்னு நெனச்சிக்க. தனியா பொம்பள வந்தா ரூம் இல்லன்னு சொல்லிடு. போலீசு வந்து நம்ம உசுர எடுப்பான்."

வேம்புலிக்கு இதைச் சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லை. பால்காரன் ஊற்றுகிற பாலை விரலில் தொட்டுப் பார்க்கிறவன் அவன். சொந்தச் சித்தப்பா கொடுத்த பத்து ரூபாய் நோட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவன். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கிற வேலை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும், பாயசத்தில் விழுந்த ஈ மாதிரி ஆகிவிட்டான். பெட்டி இல்லாமல் வருகிறவன்மேல் சந்தேகம். பெரிய பெட்டியோடு வருகிறவன்மேல் அதைவிடச் சந்தேகம். வாடகையைக் குறைத்துக் கேட்டால் கஷ்டப்பட்டவன், ஓடிப்போவான். குறைத்துக் கேட்காமல் கொடுத்தால் எங்கேயோ அடித்துக்கொண்டு வந்த காசு. மாடியில் யாராவது இருமினால்கூட அது இருமல்தானா, சைகையா என்று படிக்கட்டில் காதை வைத்துக் கேட்பான். இப்படிச் சில மாதம் போனதில் லாட்ஜில் ஒரு தலையணை உறைகூடக் காணாமல் போகவில்லை. செங்கல்வராயனுக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம்.

அந்தச் சமயத்தில்தான் ஆவடியிலிருந்து சம்பந்தம் வந்தது.

பெண் பெயர் புஷ்பா. அப்பா லட்சுமணன் டாங்கி செய்கிற பேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. பூர்வீகம் வேலூர்ப் பக்கம். அதே பேக்டரியில் இருந்த கோவிந்தன் என்ற தூரத்து உறவுக்காரன்தான் நடுவில் நின்று பேசினான். வேம்புலியின் போட்டோ ஆவடிக்குப் போனது, புஷ்பாவின் போட்டோ சென்னீர்குப்பத்துக்கு வந்தது. இரண்டு பக்கப் பெரியவர்களும் இன்னும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. ஸ்டூடியோக்காரன் வைத்த பிளாஸ்டிக் ரோஜாவைத் தொட்டும் தொடாமலும் நின்ற அந்தப் பெண்ணின் முகம் வேம்புலிக்கு அப்படியே மனசில் ஒட்டிக்கொண்டது. யாரையும் நம்பாதவன் அந்த முகத்தை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பினான். கவுண்டருக்கு அடியில் சாவிக் கொத்தோடு அந்தப் போட்டோவை வைத்துக்கொண்டு, ஊர் அடங்கியதும் எடுத்து எடுத்துப் பார்ப்பான். லாட்ஜ்காரனுக்குப் பெண் கொடுக்க ஒருத்தர் முன்வந்ததே பெரிது. இது தவறினால் இன்னொன்று வராது என்று அவனுக்குத் தெரியும், அவன் அம்மாவுக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

கோவிந்தன் ஒருநாள் கவுண்டரில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னான்.

"மச்சான், எல்லாம் ஒத்து வந்துகினு கீது. ஆனா பொண்ணோட தாய்மாமன் ஒர்த்தர் கீறாரு. அவரு சரின்னாதான் தட்டு மாத்துவாங்க. ஒன்ன பத்தி விசாரிக்கணும்னு சொல்லிகினு கீறாராம்."

"எப்ப வர்றாராம்?"

"அத சொல்லிட்டா வருவாங்க? லாட்ஜுல வேல பாக்கற பையன், நல்லவனா கெட்டவனான்னு பாக்கணும்னா இன்னா பண்ணுவாரு? ஒரு ராத்திரி ரூம் எடுத்துகினு தங்கி பாப்பாரு. நானா இருந்தா அப்டிதான் பண்ணுவேன். உஷாரா இரு."

அன்றிலிருந்து வேம்புலியின் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. வருகிற ஆண்களில் எவன் திருடன் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எவன் தாய்மாமன் என்று பார்க்க ஆரம்பித்தான். சாயங்காலமே குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு டியூட்டிக்கு வந்தான். நடுராத்திரியில் வழக்கமாகப் பிடிக்கிற ஒரு பீடியையும் நிறுத்தினான். பிள்ளை திருந்திவிட்டான் என்று சொர்ணம் சந்தோஷப்பட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, தோல் பையோடு ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். ஜரிகை அங்கவஸ்திரம், வெற்றிலைச் சிவப்பு உதடு. பெயர் கங்காதரன் என்றார்.

"எந்த ஊருங்க?"

"வாலாஜா."

வேம்புலி நிமிர்ந்து அவரை இன்னொரு தரம் பார்த்தான். வாலாஜாவுக்கும் வேலூருக்கும் எவ்வளவு தூரம்? வேலூர்ப் பக்கம்தான்! அதற்குமேல் வந்தவர் கேட்ட கேள்விகளில் மிச்சமிருந்த கொஞ்ச நஞ்ச ஐயமும் போய்விட்டது.

"ஒன் பேரு இன்னா தம்பி? இந்த வேலைல எத்தினி நாளா கீற? சம்பளம் ஒழுங்கா தர்றாரா? ராத்திரில தூங்கிடுவியா? தண்ணி, கிண்ணி?"

"அந்தப் பழக்கமெல்லாம் கெடையாதுங்க ஐயா. டீ மட்டுந்தான்."

"கல்யாணம்?"

"பேசிகினு கீறாங்க ஐயா" என்று தலையைக் குனிந்தான் வேம்புலி. அவர் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. போதாதா? ரோட்டைப் பார்த்த மாடி ரூம், புதுசாக பேன் மாட்டியது, அதைத் திறந்துவிட்டான். பீரோவிலிருந்து சலவைக்குப் போய் வந்த விரிப்பைத் தன் கையாலேயே போட்டான். லாரிக்காரர்கள் டீ குடிக்கிற கடைக்கு ஓடி, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ வாங்கி வந்தான். வந்த மனிதர் இதற்குமுன் எந்த லாட்ஜிலும் இப்படி ஒரு ராஜ மரியாதையைக் கண்டிருக்க மாட்டார்.

அவருக்குத் தூக்கம் வரவில்லை. கீழே இறங்கி வந்து கவுண்டருக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே வேம்புலியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் சாவிப் பலகையைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். சாமி படத்துக்கு ஊதுவத்தி கொளுத்தினான். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று இருந்தது அவனுக்கு.

அப்போதுதான் வாசல் படியில் ஒரு பெண்பிள்ளை ஏறி வந்தாள். நடுத்தர வயசு. புடவைக் கரையெல்லாம் புழுதி, கையில் ஒரு துணிப்பை. வேறு பெட்டி, படுக்கை இல்லை. துணைக்கு ஆளும் இல்லை. அவனைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்த மாதிரி இருந்தது. முன்பின் தெரியாதவனைப் பார்த்து ஒருத்தி எதற்கு முகம் மலர வேண்டும்? வேம்புலிக்கு அதுவே தப்பாகப் பட்டது.

"தம்பி, காஞ்சிபுரம் பஸ்சு நசரத்பேட்டையாண்ட நின்னுட்ச்சிப்பா. நடந்து வர்றதுக்குள்ள ஆவடி பஸ்சு போய்ட்ச்சி. காலைல மொத பஸ்சு வரிக்கும்..."

"ரூம் இல்ல."

"ரூம் வாணாம்பா. நா இன்னா சொல்றன்னா..."

வேம்புலி ஓரக்கண்ணால் நாற்காலியைப் பார்த்தான். கங்காதரன் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான், வேம்புலிக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. இது மாமன் வைத்த பரீட்சை! இவளை அனுப்பியதே அவராகத்தான் இருக்கும். இல்லாவிட்டால் நிஜமாகவே அந்த மாதிரிப் பெண்பிள்ளை. எப்படியிருந்தாலும் பதில் ஒன்றுதான்.

"ஏம்மா, சொன்னா புரியாது ஒனக்கு?" குரல் அவன் நினைத்ததைவிடப் பெரிதாகவே வந்தது. "இந்நேரத்துல தனியா வர்ற பொம்பளைங்கள உள்ள உடறது இல்ல. இது குடும்பஸ்தனுங்க தங்கற எடம். ஒன்ன மாரி ஆளுங்களுக்கு வேற எடம் கீது. யாரு ஒன்ன இங்க வரச் சொன்னது?"

மாடியில் ஏதோ ஓர் அறைக் கதவு திறந்து மூடியது. அவள் அவனையே பார்த்தாள். அவன் நெற்றி விபூதியைப் பார்த்தாள். மாடிப்படிக்குக் கீழே காலியாகக் கிடந்த பெஞ்சையும் ஒரு தரம் பார்த்தாள்.

"யாரும் வரச் சொல்லலப்பா" என்றாள். "தெரிஞ்ச எடம்னு நெனச்சி வந்துட்டேன்."

பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அவள் தெருவிளக்கைத் தாண்டும் வரை நின்று பார்த்துவிட்டு, வேம்புலி இரும்புக் கதவை உள்ளே இருக்கிறவருக்குக் கேட்கிற மாதிரி இழுத்துச் சாத்தினான்.

"இதுங்களுக்கெல்லாம் எடங்குடுத்தா லாட்ஜ் பேரு கெட்டுடும் ஐயா."

"கண்டிப்பான ஆளுதான் நீ" என்றார் கங்காதரன். எச்சில் துப்ப எழுந்து போனார். வேம்புலிக்கு மிச்ச ராத்திரி முழுக்க நெஞ்சு விம்மிக்கொண்டே இருந்தது.

காலையில் அவர் சாவியைக் கொடுக்கும்போது, "மறுபடி வருவேன் தம்பி. ஒங்கிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்த வேம்புலி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "யம்மா, மாமன் வந்து பாத்துட்டாரு. முடிஞ்ச மாரிதான்" என்றான். சொர்ணம் அன்றே பக்கத்து வீட்டு முனியம்மாவிடம் சொல்லிவிட்டாள். முனியம்மாவிடம் சொன்னால் குத்தம்பாக்கம் வரைக்கும் சொன்ன மாதிரி.

ஆனால் அடுத்த வாரம் கோவிந்தன் வந்தபோது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"வாணாம்னுட்டாங்க மச்சான்."

"இன்னா சொல்ற நீ? ஏன்?"

"காரணம் சொல்லல. பொண்ணோட அம்மாதான் வாணாம்னு ஒரே புடியா நிக்கிறாங்களாம். லட்சுமணன் எவ்ளோ கேட்டும் வாயத் தொறக்கலியாம்."

வேம்புலி சாப்பிடவில்லை, பகலில் தூங்கவில்லை. யார் கெடுத்தது? முனியம்மாவா? அவள் பெண்ணுக்கும் மாப்பிள்ளை தேடிக்கொண்டிருக்கிறாள், மொட்டைக் கடுதாசி போட்டிருப்பாள். கோவிந்தனேவா? அவன் மச்சினனுக்கு அதே பெண்ணைப் பேசியிருந்தால்? செங்கல்வராயனாகக்கூட இருக்கலாம், கல்யாணமானால் ராத்திரி வேலைக்கு ஆள் கிடைக்காதே! பெற்ற தகப்பனைக்கூட அவன் விடவில்லை. லாட்ஜ் வேலை பிடிக்காத அய்யாசாமி எங்கேயாவது வாய் விட்டிருப்பாரோ என்று சோறு தின்னும்போது அவர் முகத்தையே முறைத்தான். எல்லாரையும் சந்தேகப்பட்டு முடித்தவன் தன் நடத்தையை மட்டும் தொடவே இல்லை. அதில்தான் மாமனே பாஸ் போட்டுவிட்டாரே!

அந்த மாமன் சொன்னபடியே மறுபடி வந்தார். வேம்புலி கவுண்டரை விட்டே வெளியே வந்துவிட்டான்.

"ஐயா, நா இன்னா தப்பு பண்ணேன்? நீங்களே சொல்லுங்க. ஒங்க அக்கா ஏன் வாணாங்கறாங்க?"

"எந்த அக்கா?" என்றார் கங்காதரன்.

"ஆவடி லட்சுமணன் சம்சாரம். நீங்க அவங்க தம்பிதானே? பொண்ணுக்குத் தாய்மாமன்?"

"எனக்கு அக்காவும் இல்ல, ஆவடில யாரும் இல்ல. நா வாலாஜாவுல புதுசா ஒரு லாட்ஜ் கட்றேன் தம்பி. ராத்திரிக்கு நம்பிக்கையான ஆள் வேணும்னு ஊர் ஊரா லாட்ஜுல தங்கிப் பாக்கறேன். அன்னைக்கி அந்தப் பொம்பளைய தொரத்தின பாரு, அங்கதான் நீ எம்மனசுல நின்ன. இங்க வாங்கறதுக்கு ஒண்ணரை மடங்கு தர்றேன். வர்றியா?"

வேம்புலி சாவிப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்படியானால் மாமன் வரவே இல்லை. யாருமே வந்து பார்க்காமல் அந்த அம்மா எப்படி வேண்டாம் என்று சொல்ல முடியும்? மறுநாள் மத்தியானம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆவடி பஸ் ஏறினான். காரணம் தெரியாமல் திரும்புவதில்லை என்ற வைராக்கியத்தோடு குவார்ட்டர்ஸ் வரிசையில் நம்பர் தேடிப் போய்க் கதவைத் தட்டினான்.

கதவைத் திறந்தது அந்தத் துணிப்பைக்காரி.

வேம்புலி ஒரு படி பின்னால் இறங்கினான். ஓடிப்போய்விடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அவள் கதவை அகலமாகத் திறந்தாள்.

"வாங்க. உள்ள வந்து உக்காருங்க."

பஞ்சவர்ணம், அதுதான் புஷ்பாவின் அம்மா பெயர், நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"எந்தம்பி ஒங்கள விசாரிக்கணும்னுதான் சொன்னான்" என்றாள் அவள். "நாந்தான் வாணாம்னேன். ஊரு தூங்கும்போது முழிச்சிகினு இருந்து, வர்றவங்களுக்கு கதவத் தொறந்து உடற புள்ள. அவன இன்னா விசாரிக்கறதுன்னேன். காஞ்சிபுரம் போயி ஒங்களுக்கு வேட்டிகூட எடுத்தாச்சி. வர்ற வழியில பஸ்சு நின்னுட்ச்சி. எனக்கு ஒண்ணும் பயமில்ல. பூந்தமல்லில நம்ம மாப்ள கீறாரு, போட்டோல பாத்த மொகந்தானே, அடையாளம் சொல்லி விடியிற வரிக்கும் உக்காந்துகலாம்னு தெகிரியமா நடந்து வந்தேன்."

"நீங்க யாருன்னு சொல்லவே இல்லியேம்மா..." என்றான் வேம்புலி.

"சொல்ல வந்தேன். அதுக்குள்ள நீங்க சொன்னீங்களே, ஒன்ன மாரி ஆளுங்கன்னு. அத காதுல வாங்கிகினு, நா ஒனக்கு மாமியாரு ஆவப்போறவன்னு எந்த வாயால சொல்றது?"

அவன் தலையைக் குனிந்தபடியே கேட்டான்.

"அன்னைக்கி ராத்திரி எங்க இருந்தீங்க?"

"பஸ் ஸ்டாண்டுல. பூ ஏத்த வந்தவளுங்க கூடை போட்டுகினு உக்காந்துகினு இருந்தாளுங்க. பக்கத்துல போயி நின்னேன். நவுந்து எடம் உட்டாளுங்க. யாருன்னு கேக்கல."

உள் அறைத் திரை கொஞ்சம் அசைந்தது. போட்டோவில் பிளாஸ்டிக் ரோஜாவைத் தொட்ட விரல்கள் திரை ஓரத்தைப் பிடித்திருந்தன. வேம்புலி அந்தப் பக்கம் பார்க்கவும் முடியாமல், பார்க்காமல் இருக்கவும் முடியாமல் எழுந்து கை கூப்பினான்.

"தெரியாம பண்ணிட்டேம்மா. நீங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியும் தம்பி. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நா இன்னாருன்னு சொல்லியிருந்தா உள்ள உட்டிருப்பீங்க, இல்ல?"

"கண்டிப்பா உட்டிருப்பேம்மா! மாடி ரூமே தொறந்து உட்டிருப்பேன்" என்றான் அவன், அவசர அவசரமாக.

பஞ்சவர்ணம் தலையை ஆட்டினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

"அதுக்குத்தான் வாணாம்னேன்."

அவளே வாசல் வரைக்கும் கூட வந்தாள். குவார்ட்டர்ஸ் தெருவில் முதல் ஷிப்ட் முடிந்த சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. அவன் செருப்பை மாட்டத் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, பெற்ற பிள்ளையிடம் சொல்வதுபோலவே சொன்னாள்:

"பாத்து போங்க தம்பி. பூந்தமல்லி பஸ்சு இப்ப ஒண்ணு கீது, உட்றாதீங்க."